புண் என்று நம்பி வந்தவை

திருத்தணி
ஆனி மாதம், ஞாயிறு

அன்பு மகள் தமிழ்செல்விக்கு அப்பா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் அம்மா இன்று ரசம் சாதம் சாப்பிட்டாள், வாந்தி இல்லை. போனில் எனக்குப் பாதி மறந்துவிடுகிறது, அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

1. அம்மாவின் உடம்பு.
2. டாக்டர் காட்டிய படம்.
3. ஆபரேஷனுக்கு நீ வரத் தேவையில்லை என்பது.

முதலாவது. வயிற்றுக் கட்டியைச் சுருக்கும் மருந்து ஏற்றி முடிந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுவாரம் சென்னையில் ஆபரேஷன். தலைமுடி முழுதும் போய்விட்டது. மலை ஏறாமலே முருகன் மொட்டை போட்டுவிட்டான் என்று உன் சித்தி புஷ்பலதாவிடம் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது. இதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா தெரியாது, தவறிருந்தால் டாக்டர் மோனிஷா மேல் குற்றமில்லை. அம்மாவின் வயிற்றிலிருந்து எடுத்த சிறு துணுக்கைப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டரில் காட்டினார். புற்று செல்கள் ஊதா நிறத்தில் நெருங்கிக் கிடந்தன. அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு நார்களும், அவற்றினூடே நீள நீளமாக வேறு செல்களும். அவை புற்று அல்ல, அம்மாவின் சொந்தச் செல்கள். எங்கே காயம் பட்டாலும் நார் பின்னி மூடுவது அவற்றின் வேலை. சின்ன வயதில் நீ கதவிடுக்கில் நசுக்கிக்கொண்ட விரலை ஆற்றியதும் அந்த இனம்தானாம். இங்கே ஒரு புண் இருக்கிறது என்று புற்று அவற்றுக்கு ஓயாமல் செய்தி அனுப்புகிறது. அவையும் நம்பி நார் பின்னுகின்றன, கட்டி வளர வேண்டியதைச் சுரக்கின்றன, ரத்தக் குழாய்களை வரவழைக்கின்றன, பரவ வழியும் விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இத்தனை அக்கறையா என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறகு பயந்துபோய், அந்தத் துரோகிகளையும் சேர்த்து அழிக்க முடியாதா என்று கேட்டேன். வேறோர் உறுப்பின் புற்றில், எலிகளுக்கு அப்படிச் செய்து பார்த்தபோது கட்டி இன்னும் மோசமானதாம். அந்தச் செல்களில் சில வேலிபோல நின்று தடுக்கவும் செய்கின்றன, எவை எவை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அதுவரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அதுங்கள இன்னாத்துக்குத் திட்றீங்க? புண்ணுன்னு நெனச்சி பாவம் வேல செஞ்சிகினு கீதுங்க. நீங்க மட்டும் இன்னாவாம், யாரு கூப்டாலும் இன்னா ஏதுன்னு கேக்காம போயி கணக்கு எழுதிக் குட்த்துட்டு வர்ற ஆளுதானே" என்றாள். டாக்டரும் சிரித்துவிட்டார்.

மூன்றாவது. உனக்குப் புது வேலை, லீவு கேட்க முடியாது, குழந்தைக்குப் பள்ளி. சித்தி கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்து இங்கேயே தங்கியிருக்கிறாள், நானும் இருக்கிறேன். கட்டிலைச் சுற்றி நின்று யாரும் செய்யப்போவது ஒன்றுமில்லை. ஆகவே வர வேண்டாம்.

அங்கே இப்போது குளிர், காதை மூடிக்கொண்டு போ. குழந்தையிடம் தமிழில் பேசு. மலைமேல் இருப்பவன் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

முடிக்குமுன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவதைக் கேட்டதும் "ஆங்" என்றாள், அவ்வளவுதான். சற்றுப் பொறுத்துச் சித்தியைக் கூப்பிட்டு, மாடியில் காயும் மெத்தையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடச் சொன்னாள். அது உன் மெத்தை. காலையில் அதை எதற்காக வெயிலில் போடச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நான் எழுதிய மூன்றாவது தவறு, மகளே. புறப்பட்டு வா. மெத்தையைப் பரணில் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா
கண்ணையன்