சத்தம் புகாத வேன்

மச்சானுக்கு, ஸலாம்.

வேன் வேலை முடிஞ்சிருச்சுன்னு தெருவையே கூப்பிட்டுக் காட்டுனீங்க. தவிட்டு மூட்டை ஏத்துன வண்டிக்குள்ள மெத்தை, ஃபேன், ஒத்தை அடுப்பு. சுவரெல்லாம் தெர்மாகோல் வச்சு பிளைவுட் அடிச்சாச்சு, இடி விழுந்தாலும் உள்ள கேக்காதாம். குடும்பத்தோட ஊரு ஊராப் போய்த் தங்கலாம்னு பெருமை வேற. வண்டி இன்னும் குடவாசல் ஊரெல்லையையே தாண்டலை. வாசல்ல நிக்குது, உள்ள நீங்க மட்டும் தூங்குறீங்க.

நேத்து நீங்க தொழப் போயிருந்தப்ப டேப்பை எடுத்துட்டு வந்து அளந்து பார்த்தேன். கட்டில் ஆறடிக்கு ரெண்டரை அடி. அடியில பெட்டி, தலைமாட்டுல சட்டை மாட்ட ஆணி, முன்னால திரைச்சீலை. எங்கயோ பார்த்த மாதிரி இருந்துச்சு. சவுதியிலேருந்து நீங்க அனுப்புன போட்டோதான். இருபத்திரண்டு வருஷம் கம்பெனி லேபர் கேம்ப்ல படுத்துக் கிடந்துட்டு, ஊருக்கு வந்து ஆசாரியை வச்சு அதே கேம்பைக் கட்டியிருக்கீங்க! கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு எங்கம்மா சொல்லும். நான் சொல்லலை.

நான் எங்க படுக்கிறதுன்னும் கேக்கலை. வீட்டுல பெரிய கட்டில் கிடக்கு. அதுல நடுவுல படுத்தே பழகிட்டேன்.

ஆனா சவுதியில இருந்தப்பவாவது கூப்பிட்டா ஹலோன்னு ஒரு குரல் வரும். இன்னைக்குப் பசியாற வாங்கன்னு வாசப்படியில நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். பத்தடி தூரம்தான், உங்களுக்குக் கேக்கலை. ஃபோன் போட்டேன், உங்க ஃபோன் இங்க வீட்டு அடுப்படியில கிடந்து அடிக்குது.

அதான் பழையபடி கடுதாசி எழுதி, கதவிடுக்குல செருகுறேன். இடியாப்பம் ஆறிப்போச்சு.

இப்படிக்கு,
இன்னமும் சவுதிக்காரர் பொண்டாட்டி