கித்துள் துண்டும் தனுஜாவின் கொப்பியும்

2025 ஜனவரி 20, திங்கள்

கிளினிக். பாப்பா பிறந்து இன்றோடு நாற்பத்தெட்டு நாள். பாப்பாவின் எடை அட்டையில் நிறைக்கோடு ஏறுவேனா என்கிறது. தனுஜாவுக்குச் சாப்பிட்டபின் சுகர் இருநூற்று ஆறு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வந்தது, பிறந்ததும் போய்விடும் என்றார்கள். எங்கே போயிற்று?

டொக்டர் மூன்று கிழமை, பெப்ரவரி பத்து வரை, தந்திருக்கிறார். சாப்பாட்டால் குறைத்துப் பார்ப்பது, குறையாவிட்டால் இன்சுலின். "பட்டினி மட்டும் கிடக்காதீங்க, பால் குறையும்" என்றார். கூட்டிச் சாப்பிட்டால் இவளுக்கு ஏறும், குறைத்தால் பிள்ளை மெலியும். எனக்குத் தலை சுற்றியது. இவளோ பஸ்ஸில் ஏறியதும், "என்னங்க, ஒரு கொப்பி வாங்கணும், திங்கிறதெல்லாம் எழுதி வைக்க" என்றாள்.

ஜனவரி 21, செவ்வாய்

ஹேவாஹெட்டயிலிருந்து இராஜகுமாரி அக்கா வந்தாள். வந்த கால் ஆறவில்லை. "சுகர்காரி பாலு புள்ளைக்கு ஆகாதுடா தம்பி. கடையில விக்கிற பெட்டிப் பாலக் குடுங்க." தனுஜா பாப்பாவைத் தோளில் போட்டபடியே, "டொக்டர்கிட்ட கேட்டுட்டேன் மதினி. பாலுக்கு ஒன்னுமில்லயாம். குடுக்கத்தான் போறேன்" என்றாள். சத்தம் போடவில்லை. அக்கா எழுந்து தேத்தண்ணீர் ஊற்றப் போனாள்.

என் பங்குக்கு நானும் செய்தேன். கட்டுகஸ்தோட்டையில் மஹ்மூத் நாநாவின் பேக்கரியில்தான் வேலை. பின்னேரம் வரும்போது மிஞ்சிய இனிப்புப் பணிஸ் கொண்டுவருவது வழக்கம். இனி இல்லை. வீட்டிலிருந்த சீனியையும் அக்காவிடமே கட்டிக் கொடுத்துவிட்டேன். பாலில்லாத பிளேன்டீயோடு கடித்துக்கொள்ளக் கித்துள் மரக் கருப்பட்டி வாங்கினேன். "கித்துள்ல என்ன சீனியா ஈக்கி? அது மருந்து மாதிரி" என்றார் நாநா. அவருக்கும் சுகர்தான், தெரியாமலா சொல்வார்?

ஜனவரி 23, வியாழன்

சுகர் மெஷினில் பார்க்க ஒரு நாளைக்கு நான்கு தரம் விரலில் குத்துகிறாள். நான் சுவரைப் பார்க்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

குறையவில்லை. நூற்றெண்பதுக்குக் கீழே வர மாட்டேன் என்கிறது. தட்டில் பாதி கீரை, கைப்பிடி சிவப்பரிசிச் சோறு, நெத்தலி, பயறு. பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்க்கிறேன். பிறகு ஏன்?

வாய் சும்மா இருந்ததா? "எனக்குத் தெரியாம எதையாவது திங்கிறியா?" என்று கத்திவிட்டேன். அவள் பாப்பாவுக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா. காலையிலிருந்து எத்தனை போத்தல் தண்ணீர் குடித்தும் தொண்டை காய்கிறது. பேக்கரிச் சூடு.

ஜனவரி 30, வியாழன்

கெட்டிக்காரி! எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்றும் இன்றும் காலையில் ஒரே சாப்பாடு, ஒரே அளவு. குரக்கன் மாவு ரொட்டி ஒன்று, கடலை, வல்லாரைச் சம்பல். நேற்று பிளேன்டீயோடு கித்துள் துண்டு. இன்று துண்டு இல்லை. இரண்டு மணித்தியாலத்தில் நேற்று நூற்றெண்பத்தெட்டு, இன்று நூற்று முப்பத்தொன்பது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம், ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணீர். ஐந்து துண்டு.

"என்னங்க, உங்க கித்துள்தான்" என்று கொப்பியை நீட்டினாள்.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "கித்துள் மருந்துடி! நாநா பத்து வருஷமா திங்கிறாரு!"

"நாநா திங்கிறாரு. குத்திப் பாத்தாரா?"

"நானுந்தான் உன்கூடக் கடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"நீட்டுங்க விரல. பாத்துருவம்."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ஜனவரி 31, வெள்ளி

மிச்சக் கித்துளைப் பேக்கரிக்குக் கொண்டுபோய்விட்டேன். ராத்திரி ஒரு கட்டளையும் போட்டேன்: இனிச் சோறே வேண்டாம், ரொட்டியும் வேண்டாம், கீரையும் மீனும் போதும். அவள் மாட்டேன் என்றாள். "மூணு கிழமையில ஒன்னரை போயாச்சு" என்று நான் விடாமல் நிற்க, சரி என்றாள்.

பெப்ரவரி 2, ஞாயிறு

எழுத இப்போதுதான் உட்கார முடிந்தது.

காலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் "பாப்பாவப் புடிங்க" என்றாள். முகமெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. விழப்போகிறவள் முதலில் பிள்ளையைத் தந்தாள். மெஷினில் அறுபத்து நாலு. "சீனித் தண்ணி குடுங்க. பயப்படாதீங்க" என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள்! சீனி எங்கே? வீட்டில் ஒரு பொட்டுச் சீனி இல்லை, கித்துளும் இல்லை. எல்லாம் இந்தப் புத்திசாலி செய்த வேலை. பாப்பாவோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கேட்ட மாத்திரத்தில் அந்த வீட்டு அக்கா, அம்னா தாத்தா, சீனிப் போத்தலோடு எனக்கு முன்னே எங்கள் வீட்டுக்குள் நின்றார்.

கால் மணித்தியாலத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கொப்பியை எடுத்து எழுதினாள்: "பால் கொடுக்க முன் சாப்பிட வேண்டும். சோற்றை நிறுத்தக் கூடாது. வீட்டில் சீனி இருக்க வேண்டும்."

பெப்ரவரி 6, வியாழன்

இப்போது அவள் சொன்னபடிதான் வீடு நடக்கிறது. சோறு ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பால் கொடுக்க முன் அவித்த கடலை ஒரு கைப்பிடி. சாப்பிட்டதும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடை. நூற்று முப்பத்தாறு, நூற்று நாற்பத்தொன்று, நூற்றிருபத்தொன்பது. பாப்பா குடித்து முடித்து ஏப்பம் விட்டுத் தூங்குகிறது.

அக்கா மறுபடி வந்தாள். பெட்டிப் பால் பேச்சே இல்லை. முருங்கை இலை ஆய்ந்துகொண்டே, "ஒம் பொண்டாட்டி பெரிய ஆபீசுக் கிளாக்கர் மாதிரி எழுதுறாடா" என்றாள். ஆமாம் என்றேன். பெருமையாக இருந்தது.

பெப்ரவரி 10, திங்கள்

நூற்று முப்பத்திரண்டு! பாப்பாவின் கோடும் நல்லா மேலே ஏறியிருக்கிறது. டொக்டர் கொப்பியைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் நின்று, "யார் சோத்த நிறுத்தச் சொன்னது?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். தனுஜா, "எங்க அவசரம் டொக்டர்" என்றாள். எங்க! என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்சுலின் இப்போது வேண்டாம், இப்படியே தொடரட்டும் என்றுவிட்டார்.

வரும் வழியில் அழுதேன். ஜன்னல் காற்று என்றேன். பஸ்ஸில் ஜன்னல் மூடியிருந்தது.

பெப்ரவரி 11, செவ்வாய்

காலையில் நானே விரலை நீட்டினேன். அவளைப் போல நாமும் ஒரு தரம் பார்ப்போம் என்றுதான். அம்மாடி, வலிக்கிறது. இதையா இவள் நாளுக்கு நான்கு தரம்?

இருநூற்று நாற்பத்து மூன்று. வெறும் வயிற்றில்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். "உங்க தண்ணித் தாகத்தப் பாத்தே நெனச்சேன். நாளைக்குக் கிளினிக் போவம்" என்றாள். பிறகு கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி, அடிமட்டம் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டாள். இந்தப் பக்கம் தனுஜா, அந்தப் பக்கம் கணேஸ்.

என் பக்கத்தில் முதல் வரி அவள் கையெழுத்தில்: குரக்கன் ரொட்டி ஒன்று, கடலை, பிளேன்டீ. துண்டு இல்லை.