கடைசி வரி இறங்கிவிட்டது என்று சொல்லுங்கள்

பிலிமத்தலாவை,
09.09.2025.

அன்புள்ள நளீர் நானாவுக்கு,

மோகனராஜின் மனைவி கமலவேணி எழுதிக்கொள்வது. நீங்களும் ஸுமைராவும் பிள்ளைகளும் மெல்பர்னில் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் தம்பி லாபிர் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறார் என்று கேள்விப்பட்டு இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் உங்கள் நம்பரை வாங்கிப் பேசியிருக்கலாம். பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்கள் உடனே இவருக்கு எடுத்து ஏசுவீர்கள், காரியம் கெட்டுப்போகும். ஆகவே இதைக் கடைசிவரை வாசித்துவிட்டுப் போனைத் தொடுங்கள்.

இவருடைய பாட்டு அல்பத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாட்டு ஒவ்வொன்றும் முதலில் உங்களுக்குத்தானே வருகிறது. நீங்கள் இருவரும் முடி வளர்த்துக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக ரொக் பாட்டுப் பாடித் திரிந்த காலத்தில் நான் இவரைக் கண்டதே இல்லை. எனக்குத் தெரிந்தவர் கிட்டார் வகுப்பு எடுத்து எனக்குச் சோறு போட்ட மனிதர். அறுபத்தாறு வயதில் தனியாக ஒரு அல்பம், எட்டுப் பாட்டு, எல்லாம் தமிழில், எல்லாம் ப்ளூஸ் என்று ஜனவரியில் வந்து நின்றார். ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்டேன். பருத்தித் தோட்டத்துக் கறுப்பு மனிதர்கள் பட்ட பாட்டைப் பாட்டாகப் பாடியதாம், அதுவே நம் ஆட்களுக்குத் தேயிலைத் தோட்டத்தில் நடந்ததாம். அன்றைக்கே பின்னறைச் சுவர் முழுக்க மெத்தையையும் போர்வையையும் கட்டித் தொங்கவிட்டு அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்தார். கண்டி வீதியில் லொறி போகும்போதெல்லாம் பாட்டை நிறுத்திவிட்டு லொறிக்காரனின் பரம்பரையையே ஏசுவார். குக்கர் விசில் உள்ளே கேட்கும் என்று எட்டு மாதமாகப் பருப்பைச் சட்டியிலேயே வேகவைக்கிறேன்.

பெப்ரவரியில் இவருடைய குரல் கம்மியது. சளித் தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். தடிமன் போய்விட்டது, கம்மல் போகவில்லை. அந்தக் குரலோடு மூன்றாவது பாட்டைப் பாடிக் காட்டினார். மண்வெட்டி கல்லில் உரசுவது போல இருந்தது நானா, ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருசத்தில் நீங்கள் இப்படிப் பாடி நான் கேட்டதில்லை என்று என் வாயாலேயே இவரிடம் சொன்னேன். அடுத்த நாள் உங்களிடமிருந்து வொய்ஸ் மெசேஜ் வந்தது. இத்தன வருஷமா நாங்க பாடினது எல்லாம் வேஷம்டா மச்சான், இப்பதான் ஒனக்குக் குரல் வந்தீக்கி என்று சொல்லியிருந்தீர்கள். அதைக் காலையில் பாண் விற்க வரும் பாண்காரரை நிறுத்தி வைத்துக்கூடப் போட்டுக் காட்டினார். குரல் மோசமாக மோசமாக நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றோம்.

மே மாதம் இவர் பிறந்த பன்வில தோட்டத்துக்குப் போனோம். ஏழாவது பாட்டுக்குத் தப்பு மேளம் வேண்டும், நீங்கள் இல்லாத இடத்தில் வேறு யாருடைய ட்ரம்ஸும் வேண்டாம் என்றார். தப்படிக்கும் இருளப்பனின் ஆட்கள் லயத்து வீடுகளின் முற்றத்தில் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சினார்கள். கல்யாண அடி, திருவிழா அடி எல்லாம் அடித்தார்கள். இவருக்கு எதுவும் பிடிக்கவில்லை, சாவு அடிதான் வேண்டும் என்றார். இருளப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, சாவு இல்லாத எடத்துல அத அடிக்கப்படாதுண்ணே என்றார். இவர் கேட்கிற ஆளா? ஒரு சாராயப் போத்தலும் இரண்டு நிமிசம்தான் என்ற சத்தியமும் கொடுத்துச் சம்மதிக்க வைத்தார்.

அந்த அடி கேட்டால் தோட்டத்தில் யாரும் வேலையில் நிற்பதில்லை என்பது இவருக்குத் தெரியாதா? பாட்டு வெறியில் மறந்துவிட்டார். மேல்மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். கங்காணியும் பின்னாலேயே வந்தார். யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டே வந்தவர்கள், கழுத்தில் கிட்டாரோடு நிற்கும் இவரைப் பார்த்தார்கள். இருளப்பன் வெட்கத்தில் தப்பைக் கீழே வைத்துவிட்டார். இவர் மட்டும் சிரித்தார்.

வந்தவர்களில் இவருடைய சித்தப்பா மகள் ராக்கம்மாவும் இருந்தாள். ஒண்ணுமில்ல தங்கச்சி, பாட்டுக்கு என்று இவர் சொன்னதும் அவள் இவருடைய முகத்தையே பார்த்தாள். அண்ணே, தொண்ட ஏன் இப்படிப் போயிருச்சு, எத்தன மாசமா இருக்கு என்று கேட்டாள். அவளுடைய புருசனுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம், ஒரு வருசம்கூட இருக்கவில்லையாம். நான் கேட்டேன், நீங்கள் கேட்டீர்கள், பாண்காரர்கூடக் கேட்டார். பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத அவளுக்குத்தான் அது நோய் என்று விளங்கியது.

ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொன்னார்கள். குரல்வளையில் புற்று. முதலிலேயே வந்திருந்தால் கதிர் சிகிச்சையோடு குரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாமாம். இப்போது குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டும், கழுத்தில் ஒரு துவாரம் வைப்பார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. இவருடைய குரலை அதன் பிறகு யாரும் கேட்க முடியாது. பிந்தினால் அதையும் செய்ய முடியாது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார், எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து இரண்டு தரம் சொன்னார். எனக்கு முதல் தரமே விளங்கிவிட்டது.

உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். நளீருக்குத் தெரிஞ்சா அவன் பாட்டக் கேக்கமாட்டான், என் நோயத்தான் கேப்பான் என்றார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன்.

ஜூலையில் ஒபரேஷனுக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். உடுக்கச் சாரமும் சாப்பிடப் பீங்கானும் எடுத்துப் பையைக் கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தவர், எட்டாவது பாட்டின் கடைசி வரி சரியில்லை என்று திரும்பிவிட்டார். ஏனென்றால் நீங்கள் அதற்கு முதல்நாள், கடைசி வரி இன்னும் மனசுல இறங்கல்ல, இன்னொருக்காப் பாடு என்று அனுப்பியிருந்தீர்கள். ஆகஸ்டில் இரண்டாவது நாள் கொடுத்தார்கள். அன்று காலையில் பின்னறையைப் பூட்டிக்கொண்டு அதே வரியைப் பாடிக்கொண்டிருந்தார், கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கிப்போனது. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் நீங்கள் தெரியாமல் சொன்னீர்கள், அதுவும் கடல் தாண்டி இருந்துகொண்டு. நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்டு ரசித்தவள். என் மேல் உள்ள கோபத்துக்கு அளவில்லை.

அந்த வரி இனி சரியாக வராது நானா. நாளுக்கு நாள் மூச்சு குறைகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அது இவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். பாட்டு முடிந்துவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்? பயந்துபோயிருக்கிறார். பயம் என்று சொல்லத் தெரியாமல் வரி என்று சொல்கிறார்.

வருகிற இருபத்திரண்டாம் திகதி திங்கட்கிழமை மூன்றாவது நாள். இதுவும் தவறினால் இனி வர வேண்டாம் என்று சொல்லாத குறையாகச் சொல்லிவிட்டார்கள். இருபதாம் திகதி சனிக்கிழமை நீங்கள் இவருக்கு எடுக்க வேண்டும். கடைசியாக அனுப்பியது எதுவோ அதைக் கேட்டேன், வரி இறங்கிவிட்டது, இனிப் பாடாதே, அல்பம் முடிந்தது என்று சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். அதன் பாவம் என்னோடு போகட்டும். நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம், இவர் மறைத்தது மறைத்ததாகவே இருக்கட்டும். நான் சொன்னால் கேட்கமாட்டார், டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் முடிந்தது என்று நம்புவார்.

சொல்லிவிட்டு உடனே வைத்துவிடாதீர்கள். கிறிஸ்மஸ் டான்ஸ் ஒன்றில் ட்ரம்ஸோடு சேர்ந்து மேடையிலிருந்து விழுந்தீர்களாமே, அதை எடுங்கள். அந்தக் கதைக்கு இவர் வாய்விட்டுச் சிரிப்பார். சிரிப்புச் சத்தமும் அந்தக் குரல்வளையிலிருந்துதான் வருகிறதாம், கிளினிக்கில் நேர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளைகள் இல்லாத வீடு இது, எங்கள் இருவரின் சத்தம்தான். சனிக்கிழமை நான் எங்கேயும் போகமாட்டேன். குசினியில்கூட வேலை வைத்துக்கொள்ளாமல் பக்கத்திலேயே இருப்பேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். உங்கள் துஆவில் இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் இவரைச் சிரிக்க வையுங்கள் நானா, நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
கமலவேணி