இடக்கண்ணில் பஞ்சு

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து பலத்த காற்று. மழை இல்லை. மாடியறைச் சன்னலைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வேலை.

நான் செய்த கையளவு வண்டி ஓடியது.

பதிவுக்காக: சக்கரம் இரண்டு. மோட்டார் இரண்டு. ஒளியுணரி இரண்டு, பக்கத்து வெளிச்சம் குழப்பாதிருக்க, பேனா மூடியை வெட்டி ஒவ்வொன்றின்மேலும் குழலாக மாட்டியிருக்கிறேன். நிரல் கிடையாது. விதி ஒன்றே: இடக்கண் வலச் சக்கரத்தை ஓட்டும், வலக்கண் இடச் சக்கரத்தை. வெளிச்சம் கூடினால் வேகம் கூடும்.

மாலை ஆறரைக்குக் கூடத்தில் விட்டேன். பூஜையறை பல்பு மட்டும் எரிந்தது. வண்டி திரும்பியது. நாற்காலிக் காலின் நிழல் குறுக்கே விழுந்த இடத்தில் தயங்கியது, ஒதுங்கியது, மீண்டும் வெளிச்சத்தைத் தேடிப் பிடித்து, பூஜையறைப் படியில் போய் முட்டி நின்றது.

மனைவி சுமதி சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, உங்களைவிட இதுக்குப் பக்தி சாஸ்திங்க. நீங்க வாசல்லயே நின்னுக்குவீங்க."

'தயங்கு' என்று நான் எங்கும் எழுதவில்லை. 'ஒதுங்கு' என்றும் எழுதவில்லை. இரண்டு கம்பிகளைக் குறுக்கே மாற்றியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. ஐந்து முறை ஓட்டிப் பார்த்தேன். ஐந்து முறையும் தரையில் உட்கார்ந்தே பார்த்தேன். ஐம்பது வயதில் இது கொஞ்சம் அதிகம்.

ஜூலை 7, திங்கள்

காற்று அப்படியே. பனியன் கம்பெனியில், என் அலுவலகத்தில் விசாரணை ஒன்று.

ஜெயராணி, தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் பிரிவு, நான்காம் மேசை. வெளிநாட்டுக்காரர்கள் திருப்பியனுப்பிய கருநீல டி-சர்ட்டுகளில் சிறு ஓட்டைகள். எல்லாவற்றிலும் நான்காம் மேசை ஸ்டிக்கர். குற்றச்சாட்டு: கவனக்குறைவு. பணியாளர் பிரிவு அதிகாரி என்பதால் விசாரிப்பவன் நான். சனிக்கிழமைக்குள் அறிக்கை. உறுதியானால் பணிநீக்கம்.

ஜெ. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். பதினோரு வருடமாக இதே பிரிவு.

"எல்லா பீஸையும் பாத்துத்தான் சார் விட்டேன். மாதா சத்தியமாச் சொல்லுதேன்."

"பிறகு ஓட்டை எப்படிங்க?"

"அதான் எனக்கும் விளங்க மாட்டேங்கு. கொஞ்ச நாளா கண்ணு வலிக்கு. கண்ணுதான் போச்சோ என்னமோ."

'பார்வைக் குறை இருக்கலாம் எனத் தாமே கூறினார்' என்று எழுதி, விதிப்படி படித்துக் காட்டினேன். கையெழுத்திட்டார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"கவனக்குறைவுன்னு எழுதி அனுப்புனா இங்க எந்தக் கம்பெனியிலயும் செக்கிங்ல சேக்க மாட்டாவ சார். மவ பன்னெண்டாவது படிக்கா. பாதியில எங்க கூட்டிட்டுப் போவ?"

இதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

மாலை: வண்டி வலப்பக்கமாக இழுக்கிறது. நேற்று இழுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வண்டி இன்னும் வலப்பக்கமே. சோதித்தவை:
வல மோட்டார் மாற்றம் – பலனில்லை.
கம்பிகள் மறுபடி பற்றவைப்பு – பலனில்லை. விரலில் சூடு.
புது பேட்டரி – பலனில்லை.
சக்கர விட்டம் – இரண்டும் சமம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினேன். ஆகவே முறை தவறவில்லை. வண்டிதான் தவறுகிறது.

சுமதி கீழிருந்து: "அதைத் திட்டாதீங்க. பாவமுங்க, வாயில்லாத சீவன்."

திட்டியது எனக்கு நினைவில்லை.

ஜெ. கண் மருத்துவரின் சீட்டைக் கொண்டுவந்தார். பார்வையில் குறை எதுவும் இல்லை. சந்தோஷமாக நீட்டினார். கண் சரியென்றால் கவனம்தான் இல்லை என்றாகிவிடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் சொல்லவுமில்லை. கோப்பில் சேர்த்தேன்.

ஜூலை 9, புதன்

காப்பிக்கு முன்பே வண்டி. பூதக்கண்ணாடியோடு.

இடக்கண்ணின் குழலுக்குள் பஞ்சு. பக்கத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டிலிருந்து காற்றில் வருவது. வண்டியைச் சன்னலோரம் இடப்பக்கம் வெளியே பார்க்க நிறுத்தி வைத்தவன் நான். ஊசியால் எடுத்தேன். தவிட்டளவு இருக்கும். தரையில் விட்டேன். கோடு போட்டதுபோல் நேரே ஓடிற்று.

ஆக, அது தவறவே இல்லை. ஒரு கண் இருட்டு என்றது. இருட்டுக்கு உரியபடி சக்கரம் மெதுவாயிற்று. விதியை அது என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. இரண்டு நாள் அதன் வயிற்றை அறுத்துக்கொண்டிருந்தேன்.

குளிக்கும்போது எங்கள் செக்கிங் தளம் நினைவுக்கு வந்தது. பாதிக் குளியலில் வெளியே வந்துவிட்டேன். ஓர் உணரியைக் கழற்றி, மல்டிமீட்டரோடு பையில் வைத்தேன்.

உணவு இடைவேளையில் மேசைமேசையாக அளந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று: ஏறக்குறைய ஒரே எண். நான்காவதில் எண் எகிறியது; இந்த உணரியில் வெளிச்சம் குறையக் குறைய எண் கூடும். இருட்டு. பிறகு முறைப்படி, கம்பெனி வாங்கி வைத்த ஒளிமானியை அலமாரியிலிருந்து எடுத்தேன். உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அதுவும் அதையே சொன்னது: மற்ற மேசைகளின் வெளிச்சத்தில் பாதிகூட நான்கில் இல்லை.

மேலே குழல்விளக்குகள் எல்லாம் எரிகின்றன. அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியின் உட்புறம், ஓவர்லாக் தையல் வரிசையிலிருந்து வரும் பஞ்சு, கம்பளி விரித்ததுபோல்.

மாதந்தோறும் 'ஒளி அளவு: சரி' என்று கையெழுத்திடுபவன் நான். எரியும் விளக்குகளை எண்ணுவேன். எண்ணிக்கை என்றும் குறைந்ததில்லை.

ஜூலை 10, வியாழன்

என் கையெழுத்தே சம்பந்தப்பட்டிருப்பதால் விசாரணையை வேறொருவரிடம் தரும்படி ஜி.எம்.முக்கு எழுத்தில் கொடுத்தேன். "வேற ஆளில்லீங்க சார், நீங்களே முடிச்சிருங்க" என்றார். காகிதத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

தலைவலி. வண்டியைத் தொடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

விளக்கு மூடியை இன்னும் துடைக்கச் சொல்லவில்லை. முதலில் சோதனை.

கருநீல டி-சர்ட் இருபது. அவற்றில் ஓட்டையுள்ளவை ஐந்து. எவை என்பது ஸ்டோர்க்காரருக்கு மட்டுமே தெரியும். அதே நான்காம் மேசை, அதே வெளிச்சம்.

நான்: ஒன்றும் அகப்படவில்லை.
சூப்பர்வைசர் பழனிசாமி: ஒன்று. "இந்த வெளிச்சத்துல என்ற மூஞ்சியே எனக்குத் தெரியாதுங்க சார்."
"இதை முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா?"
"நான் என்னைக்குங்க அங்க உக்காந்தேன்?"

அடுத்து ஜெ. வெறும் கண்ணால் பார்ப்பவரல்லர். இடக்கையைத் துணிக்குள் விட்டு விரிக்கிறார். வலக்கை விரல்நுனி மேலே ஓடுகிறது. கண் அந்த விரலுக்குப் பின்னால் போகிறது. நான்கைத் தனியே வைத்துவிட்டார். பதினெட்டாவதை அடுக்கில் போட்டவர் திரும்ப இழுத்தார்.

"இதுல என்னமோ இருக்கு சார். கண்ணுக்குச் சிக்க மாட்டேங்கு. சன்னல் பக்கம் கொண்டு போவட்டா?"

கொண்டுபோனார். நாங்களும் பின்னால் போனோம். அக்குள் தையலருகே ஒரே ஒரு கண்ணி அறுந்திருந்தது. கடுகைவிடச் சிறியது. ஐந்தாவது.

பழனிசாமி: "யக்கா, வெரல்ல கேமரா வெச்சிருக்கீங்களா?"
"போங்க தம்பி. எனக்கு உயிரு போயிட்டு வருது, உங்களுக்குச் சிரிப்பு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புல்லரித்தது, உண்மையாகவே, கை மயிர் நின்றது. எத்தனை மாதம் அந்த இருளில், நாளெல்லாம் கருநீலத்தை விரித்து விரித்து! விட்டவற்றைப் பெட்டிபெட்டியாக எண்ணினோம். பிடித்தவற்றை ஒருவரும் எண்ணவில்லை.

ஜூலை 12, சனி

அறிக்கை கொடுத்தாயிற்று. மூன்று பக்கம், அளவீட்டு அட்டவணையுடன். ஜி.எம். இம்முறை படித்தார்.

"அந்தம்மாளைக் காப்பாத்துனது சரிங்க. உங்க பேரையும் எதுக்குங்க எழுதுனீங்க? லைட் கவர்ல பஞ்சுன்னு முடிச்சிருக்கலாமுங்களே."
"பஞ்சு 'சரி'ன்னு கையெழுத்துப் போடாதுங்க."
கடைசிப் பக்கத்தை மறுபடி புரட்டினார். "அப்ப உங்களுக்கு லெட்டர் குடுக்கோணுமே."
"குடுக்கோணுங்க."

ஜெ. மீதான குற்றச்சாட்டு நீங்கியது. சொன்னதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

தூறல். காற்று அடங்கியது. மூடிகள் எல்லாம் துடைத்தாயிற்று.

நான்காம் மேசையில் ஜெ. துணியை விரித்ததும் கத்தினார்: "ஏ யம்மா! நூலு நூலால்லா தெரியுது!" முதல் அரைமணியில் ஒன்பது பீஸ் திரும்பிப் போயின. தையல் வரிசையிலிருந்து ஒரு குரல்: "யக்கா, லைட்டை அணைங்க, எங்க பொழப்பு போயிரும்!"

என்னிடம் விளக்கம் கேட்கும் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன், வழக்கம்போல். ஓர் எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினேன். ஜி.எம். கையெழுத்திட்டார். பெற்றுக்கொண்டேன் என்று நானும் கையெழுத்திட்டேன். விளக்கமளிக்க ஏழு நாள்.

ஏழு நாள் தேவையில்லை. எழுதிவிட்டேன். ஒரு சொல்.

பார்க்கவில்லை.