சொல்லாமல் விட்ட ஓடுபாதை நீளம்

ஐப்பசி, வியாழன்.

பள்ளிகொண்ட பெருமாளே, என் சினம் அளவோடு நிற்க அருள்க.

விடியல் முதல் மழை. திருவாராதனம் முடிந்தது. மகள் வைதேகியும் மாப்பிள்ளை முகுந்தனும் நேற்றே வந்துவிட்டனர். வெளியூர் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அவளுக்குப் பணி. இப்போது மைக்கைத் தொடத் தடை. அங்கே ஓடுபாதையின் ஒரு முனையில் பழுதுவேலை. இறங்க வரும் ஒவ்வொரு விமானிக்கும் “ரிட்யூஸ்டு ரன்வே லெங்த் அவைலபிள்”, அதாவது ஓடுபாதை நீளம் குறைந்துள்ளது என்று கூறி, எஞ்சிய மீட்டரையும் கூற வேண்டும். ஒருவருக்கு இவள் கூறவில்லை. அவர் விமானம் தடுப்புகளுக்குச் சற்று முன்னர் நின்றது.

“காலம்பற அதே ஃப்ளைட் கிளம்பறச்சே பைலட்கிட்ட சொன்னேம்ப்பா. அவரேதான் திரும்பி வரார்னு நினைச்சுட்டேன்.”

வந்தவர் வேறொருவர். போன ஊரில் விமானி மாறியிருக்கிறார்.

திருச்சியில் அதே பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். “நேத்திக்குப் பெருமாளுக்கு அமுது பண்ணினோம்னு இன்னிக்கு விட்டுடறோமா?” என்றேன். அழுதாள். அழட்டும்.

வெள்ளி.

தூறல். பால் வரவில்லை. வாங்க: மிளகு, கற்பூரம், பி.பி. மாத்திரை.

நாளைக்குள் அவள் மேலதிகாரிகளுக்கு விளக்கம் அனுப்ப வேண்டும். மாப்பிள்ளையும் விமானிதான். அவர் யோசனை:

“பைலட்டுக்கெல்லாம் முன்னாடியே நோட்டீஸ் போயாச்சு. ரேடியோ அறிவிப்புலயும் ஓடிண்டிருக்கு. கவனிக்காதது அவன் தப்பு. அப்படியே எழுது வைதேகி.”

“மாப்பிள்ளை, உம்மைப் பத்தி ஒருத்தி இப்படி எழுதினா ஒத்துப்பீரா?”

“உங்க காலம் வேற மாமா. இதெல்லாம் இப்போ வெறும் ஃபார்மாலிட்டி.”

“அந்த ஃபார்மாலிட்டி இல்லேன்னா நீர் ஒருநாள் லால்குடி வயல்ல இறங்குவீர்.”

சாதத்துக்கு வந்த சாற்றமுதைத் தொடாமல் இலையிலிருந்து எழுந்தார். நன்று. எனக்கு அது இரண்டாம் முறை கிடைத்தது.

சனி.

மழை ஓய்ந்தது. முழங்கால் வலி.

வைதேகி எழுதியதை உரக்கப் படித்தாள்: “நீளம் குறைந்திருப்பதை நான் கூறவில்லை. விமானிமீது பிழையில்லை.” அனுப்பியும் விட்டாள்.

“டவர்ல உக்கார்ற ரேட்டிங் போச்சுன்னா உங்கப்பா வாங்கித் தருவாரா?” என்றார் முகுந்தன்.

“அப்பா எதுக்கு? நான் மறுபடி பரீட்சை எழுதிக்கறேன். நீங்க உங்க பெட்டியை எடுத்து வைங்கோ.”

இம்மனிதர் முகத்தில் விழிக்கவும் எனக்கு விருப்பமில்லை. நாளை பணிக்குத் திரும்புகிறாராம். இருநூறு பேர் இவர் கையில்.

இதை என்றேனும் படிப்பவர்க்கும், அவர் இல்லத்தார்க்கும், இவருக்குங்கூட, எவ்வூரில் இறங்கினும் முன்னே எவ்வளவு பாதை உண்டென்று எவரேனும் வாய்திறந்து கூறுவாராக.