எவனும் தொடாத!

நைனா,

ஐயப்பன்தாங்கலில் இன்றைக்குப் புதிதாக ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். உள்ளே நுழைந்ததுமே டயப்பரும் பவுடரும் கலந்த அந்த வாசம். பக்கவாதத்தில் விழுந்த பெரியவர். நல்ல கை மடியில் சும்மா கிடக்க, மகள் இட்லியைப் பிசைந்து அவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். உன் சொந்தக்காரக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது.

என்ன கூட்டம் அது! ஞாயிற்றுக்கிழமையானால், நான் உன்னைப் பார்த்துக்கொள்ள வந்த பருத்திப்பட்டு வீட்டில் ஆப்பிளோடு வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். சாவுக்கு முன்கூட்டியே வந்துவிட்ட மாதிரி முகம். உன் மச்சான் என்னிடம், "இன்னாத்துக்கும்மா நிக்க வெச்சு வதைக்கிற? படுக்க உடு, பாவம்" என்பார்.

பாவம் என்று காதில் விழுந்தால் போதும், உனக்கும் கால் துவண்டுவிடும். வாரமெல்லாம் எழுந்து நின்ற ஆள், அவர்கள் முன்னால் மூட்டை மாதிரி சாய்வாய். பாடி கம்பெனியில் லேத்து மெஷின் ஓட்டினவனாம்!

"இன்னா நைனா, பாவம் பாத்த ஜனம் டயப்பர் மாத்திட்டுப் போச்சா?"

"வாய மூடு, ராட்சசி."

"மூடிக்கிறேன். நீ எந்திரி."

உனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. டயப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு உன் காலில் பாத்ரூம் போய்வர வேண்டும். அதற்குத்தான் அத்தனை திட்டும். இடது கையில் தடி. முதலில் தடி, அடுத்து விளங்காத கால், அப்புறம் நல்ல கால். வலது பக்கம் நான் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு வருவேன். தூக்க மாட்டேன்.

ஒரு ஞாயிறு மச்சான் மறுபடி ஆரம்பித்தார். நீ தடியை ஊன்றி எழுந்துவிட்டாய். மொத்தக் கூட்டமும் தாங்கிப் பிடிக்க ஓடி வந்தது.

"எவனும் தொடாத! மூத்திரம் போறேன், ஊர்வலமா போறேன்?"

உள்ளே போய்த் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டாய். அது நான் சொல்லித்தராத வித்தை. நான் கதவில் காதை வைத்தேன். மச்சான் கதவை இடித்தார். "மாமா! நல்லா கீறியா?"

"கீறேன்டா. சத்தம் போடாம நில்லு, அப்பத்தான் வரும்."

மறுபடி பக்கவாதம் அடித்து நீ போன அன்று, வந்தவர்களிடமெல்லாம் அதே மச்சான், "படுத்த படுக்கையா கெடந்து சீரழிஞ்சாரு" என்று மூக்கைச் சிந்தினார். அன்று காலையில்கூட உன் காலில் பாத்ரூம் போய்வந்தவன் நீ. மனுஷனை நடமாட விடாதவர்களுக்கு, அவன் நடந்தது எப்படிக் கண்ணில் படும்?

உனக்குப் புதுச் சட்டை போடத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு நானே போட்டேன். விளங்காத கையை நாம் முதலில் நுழைத்துவிட வேண்டும், நல்ல கையை நோயாளியே விட்டுக்கொள்ள வேண்டும். தொழில் பழக்கம். வலது கையை நுழைத்தேன். இடது கையை நீ விட்டுக்கொள்வாய் என்று சட்டையை விரித்துப் பிடித்தபடி நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்போதும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான் சட்டையை விரித்துப் பிடித்து நிற்கிறேன் நைனா. தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம்.