சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு

என் வசந்தா,

இன்று காலை எழுந்ததும், பாலைக்கூட அடுப்பில் வைக்காமல், ஒரு தாளில் நான்கு வரிசையாகப் பதினாறு புள்ளிகள் வைத்தேன். சிவப்பு, நீலம், பச்சை என்று உன் பென்சில்களால் வரிசை மாறாமல் நிறம் கொடுத்தேன். பிறகு தாளைச் சுருட்டி இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தேன். சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வந்து நின்றது.

நம் கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு அணு, ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணுவுக்கு எதிர்த்திசையில்தான் பார்க்க விரும்பும். முக்கோணத்தில் இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவது திண்டாடும். "மூணாவது ஆளு பாவமுங்க்கா, எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒருத்தருக்குக் கோவம். நம்ம ஸ்டாஃப் ரூமாட்டவே" என்று நீ சிரிப்பாய். கடுங்குளிரில் அவை இந்த மூன்று நிறங்கள்போல மூன்று திசைகளாகப் பிரிந்து ஒழுங்குக்கு வருமா, கடைசிவரை அடங்காதா? ஆறு வருஷம் அந்த ஒரு கேள்வியோடு இருந்தாய். 'அடங்காது' என்று எழுதி முடித்தாய். அடுத்த மழையில் காய்ச்சல் வந்து போய்விட்டாய்.

உன் முதல் வருஷ நினைவு மலரில் அந்தக் கட்டுரை வருகிறது. சரிபார்த்து வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கும்படி நம் இயற்பியல் துறைத்தலைவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

உனக்கு ஒரு செய்தி. வெளிநாட்டில் லேசர் கதிர்களைக் குறுக்காகப் பாய்ச்சி, வெளிச்சத்திலேயே பள்ளங்கள் உண்டாக்கி, குளிர்வித்த அணுக்களை அதில் உட்கார வைக்கிறார்கள். மூன்று கதிர்கள் போதும், முக்கோண வலை வந்துவிடுகிறது. அவற்றைக் காந்தம்போல நடக்க வைப்பது இன்னும் பேச்சளவில்தான். ஆனால் ஒருநாள் நம் கணக்கை அந்த அணுக்களே போட்டுக் காட்டும். படித்ததும் உன் மேஜைப் பக்கம் திரும்பினேன். அங்கே யாரோ குடையை விரித்துக் காயவைத்திருந்தார்கள். நாள் முழுக்கக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசிவிட்டு வருகிறேன். இதைத் தமிழில் சொல்ல மைசூரில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த வலையில் ஆயிரக்கணக்கான அணுக்கள். நம் கம்ப்யூட்டரில் பதினாறுபோலக் கொஞ்சம்தான் கொள்ளும். ஓரத்து அணுக்களுக்கும் அண்டை வேண்டுமே என்று ஓரங்களை ஒட்டிவிட்டோம், தாளைச் சுருட்டுவதுபோல. நான்கு புள்ளி வரிசையில் மூன்று திசைகள் எப்படிப் பொருந்தும்? அவை அடங்காதது அவற்றின் குணமா, நம் ஒட்டு வேலையா?

கணக்கைத் தொடங்கிய அன்றே நீ சொன்னாய். "பன்னெண்டு அணு போதுங்க்கா, மூணால வகுபடும்."

"பன்னெண்ட யாருடீ மதிப்பாங்க? சும்னே, பேசாம பதினாறு போடு."

நான் மூத்தவள் என்பதால் போட்டாய். கட்டுரையில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. என்றாவது அந்த அணுக்கள் ஒழுங்காக மூன்று பக்கம் பார்த்து நின்றால், தப்பு உன் பேரில் நிற்கும். எனக்குத் தெரிந்தும் அதை விடலாமா?

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உன் கட்டுரையைக் கொடுக்க மாட்டேன். பன்னிரண்டை முதலிலிருந்து போடப்போகிறேன், எத்தனை மாதம் ஆனாலும். விடை எதுவானாலும் உன் பெயரில் வரும். அதன் கீழே, பதினாறு யார் பிடிவாதம் என்று ஒரு வரி இருக்கும். மலரில் உன் கட்டுரைக்கு ஒதுக்கிய பக்கத்துக்கு இந்தக் கடிதத்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறேன்.

பதினாறு போடச் சொன்ன உன் அக்கா,
கமலா